தாயான பின் தனித்துப் பாட வந்த சன்யே



கொரியத் தொடர்களைப் பார்த்துப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. கொரியர்களும் அப்பாவை 'அப்பா' என்றுதான் அழைக்கிறார்கள். அம்மாவை 'ஓம்மா' என்கிறார்கள். 2021 டிசம்பர் 10-ஆம் நாள் தென்கொரியாவின் டிவிஎன் தொலைக்காட்சியில் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியின் பெயரிலும் அந்தச் சொல் இருந்தது. 'ஓம்மானுன் ஐடல்'. 'அம்மா ஓர் ஐடல்' என்பது பொருள். சிறு வயதிலேயே ஒரு கலை நிறுவனத்தில் சேர்ந்து, ஆடலும் பாடலும் பயின்று, குழுவாக மேடையேறும் இளம் கலைஞர்களைத்தான் அங்கே 'ஐடல்' என்கிறார்கள். தாயான பிறகு அந்த மேடையிலிருந்து ஒதுங்கியிருந்த ஆறு பாடகிகளை மறுபடி பயிற்சிக் கூடத்துக்கு அழைத்து வந்து, ஒரே குழுவாக ஆடிப் பாட வைப்பது நிகழ்ச்சியின் நோக்கம்.

அந்த ஆறு பேரில், கொரிய ரசிகர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது ஒருவரை. மூன்று பெண் பிள்ளைகளைக் கனடாவில் கணவரின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்த சன்யே. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர் அவர் எடுத்த ஒரு முடிவைப் பற்றி அந்நாட்டில் பேசி முடிக்கப்படாத வழக்கு ஒன்று கிடப்பில் இருந்தது. மேடையில் அவர் வந்து நின்றபோது அந்த வழக்கும் கூடவே வந்து நின்றது.

மின் சன்யே 1989 ஆகஸ்டு 12-இல் பிறந்தவர். தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். 2001-இல் எஸ்பிஎஸ் தொலைக்காட்சி நடத்திய சிறுவர் திறமைத் தேடல் நிகழ்ச்சியில் தேர்வாகி, பாடகரும் தயாரிப்பாளருமான பார்க் ஜின்-யோங்கின் ஜேஒய்பி நிறுவனத்தில் பயிற்சி மாணவியாகச் சேர்ந்தார். வயது பன்னிரண்டு. அங்கிருந்து முதல் மேடைக்கு ஆறு ஆண்டுகள். நம் ஊரில் ஒரு பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்து வெளியே வரும் காலம் அது. பள்ளி ஒரு பக்கம், பயிற்சிக் கூடம் ஒரு பக்கம் என்று அந்த ஆறு ஆண்டுகளும் கழிந்தன. மேடை கிடைக்கும் என்ற உத்தரவாதம் எந்தப் பயிற்சி மாணவிக்கும் கிடையாது.

2007-இல் 'வொண்டர் கேர்ள்ஸ்' என்ற ஐவர் குழு அறிமுகமானது. சன்யேதான் தலைவி. கொரியக் குழுக்களில் தலைவி என்பது வெறும் அடையாளப் பதவியன்று. பேட்டியில் முதலில் பேசுபவர், தவறு நேர்ந்தால் குழுவின் சார்பில் மன்னிப்புக் கேட்பவர், நிறுவனத்துக்கும் மற்றப் பெண்களுக்கும் இடையே நின்று இரு பக்கத்துப் பேச்சையும் தாங்குபவர். அப்போது சன்யேவுக்கு வயது பதினேழு. குழுவின் முதன்மைக் குரலும் அவருடையதே. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'டெல் மி' பாடலின் ஆட்டத்தைப் பள்ளி மாணவர்கள், காவல் துறையினர், இராணுவ வீரர்கள் என்று நாடே ஆடிப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றியது. 2008-இல் 'சோ ஹாட்', அதன் பின் 'நோபடி'. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விருந்து மண்டபங்கள் வரைக்கும் எட்டிய பாட்டு அது.

வெற்றி உச்சியில் இருந்தபோதே 2009-இல் நிறுவனம் குழுவை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஜோனஸ் பிரதர்ஸ் குழுவின் இசைப்பயணத்தில், முதன்மைக் கலைஞர்கள் வருவதற்கு முன் பாடும் குழுவாக ஊர் ஊராகச் சென்றார்கள். சொந்த நாட்டில் முதலிடத்தில் இருந்தவர்கள், தங்கள் பெயரையே அறியாத பதின்ம வயதுப் பிள்ளைகள் முன்னால் நின்று ஆங்கிலத்தில் பாடினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் 'நோபடி' பாடலின் ஆங்கில வடிவம் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 76-ஆம் இடத்தைப் பிடித்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் கொரியக் குழு இதுதான். பிற்காலத்தில் பிடிஎஸ், பிளாக்பிங்க் போன்ற குழுக்கள் நடந்து போன பாதையில் முதலில் முள் அகற்றியவர்கள் இந்தப் பெண்கள் என்றால் மிகையாகாது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அவர்கள் அங்கே இருந்த காலத்தில் கொரியாவில் 'கேர்ள்ஸ் ஜெனரேஷன்' குழு முதலிடத்தில் அமர்ந்துவிட்டது.

இனி வழக்குக்கு வருவோம்.

2010 ஜனவரியில் ஹைத்தி நாட்டை நிலநடுக்கம் உருக்குலைத்தது. அதன் பிறகு தொண்டுப் பணிக்காக அங்குச் சென்ற சன்யே, கனடாவில் வளர்ந்த கொரியரான ஓர் இளம் சமயத் தொண்டரைச் சந்தித்தார். 2011 நவம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தமக்கு ஒருவர் மீது விருப்பம் இருப்பதைத் தாமே வெளிப்படையாகச் சொன்னார். காதலை மறைப்பதே ஐடல்களின் எழுதப்படாத விதி. கேமராக்காரர்கள் பிடித்துக்கொடுத்தால் மட்டுமே ஒப்புக்கொள்வார்கள். குழுத் தலைவி தானாக முன்வந்து சொன்னது பலரைத் திகைக்க வைத்தது. 2013 ஜனவரி 26-இல் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது 23. குழு கலைக்கப்படவில்லை. நிறுவனத்துடனான ஒப்பந்தமும் முடியவில்லை. உச்சத்திலிருந்த ஒரு மகளிர் குழுவின் உறுப்பினர், உறுப்பினராக இருக்கும்போதே மணம் முடித்தது அங்கே கேள்விப்படாத செய்தி. முந்தைய தலைமுறையில் எஸ்.இ.எஸ். குழுவின் யூஜின் மணந்தது 2011-இல். அவருடைய குழு கலைந்து அப்போது எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 2013 அக்டோபரில் முதல் பெண் குழந்தை பிறந்தது. மறு ஆண்டு கணவருடன் ஹைத்தியில் குடியேறினார். 2015 ஜூலையில் வொண்டர் கேர்ள்ஸ் குழுவிலிருந்து அவர் விலகியது முறைப்படி அறிவிக்கப்பட்டது. பின்னர் இன்னும் இரண்டு பெண் குழந்தைகள். குடும்பம் கனடாவுக்கு இடம் மாறியது.

இந்தக் கதையில் கோபப்பட என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். கொரியாவில் கோபம் இருந்தது, நெடுநாள் இருந்தது. பொறுப்பற்றவர், குழுவைக் கைவிட்டவர், மற்றவர்களின் உழைப்பை வீணடித்தவர் என்ற பேச்சுகள் அவர் பெயர் செய்தியில் வரும்போதெல்லாம் அடியில் வந்து சேர்ந்தன. அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 2012-க்குப் பிறகு 2015 வரை அந்தக் குழு புதிய கொரியத் தொகுப்பு எதையும் வெளியிடவில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மற்றப் பெண்களுக்கு அந்த மூன்று ஆண்டுகள் திரும்பி வருமா? ஐடல் வாழ்க்கையில் ஓர் ஆண்டு என்பது மற்றத் தொழில்களில் ஐந்து ஆண்டுக்குச் சமம். பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, குறுந்தட்டு வாங்கி, குழுவைத் தூக்கிவிட்ட ரசிகர்களுக்கும் வருத்தப்பட உரிமை உண்டு.

ஆனால் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வொண்டர் கேர்ள்ஸ் குழுவிலிருந்து விலகியவர் சன்யே மட்டுமல்லர். குழு தொடங்கிய சில மாதங்களிலேயே, 2007 ஜூலையில், உடல்நலக் காரணத்தால் ஹியூனா விலகினார். அவர் 2009-இல் 'ஃபோர்மினிட்' என்ற இன்னொரு குழுவில் சேர்ந்து, தனிப் பாடகியாகவும் கொடிகட்டிப் பறந்தார். அமெரிக்க முயற்சி நடந்துகொண்டிருந்தபோது, 2010-இன் தொடக்கத்தில், படிப்பைத் தொடர வேண்டும் என்று சொல்லி சன்மி விலகினார். 2013-இல் தனிப் பாடகியாக வந்தார், 2015-இல் குழுவுக்கே திரும்பினார், கைத்தட்டி வரவேற்றார்கள். நடிப்புக்காக சோஹி போனார். அவரவர் வாழ்க்கை என்று விட்டுவிட்டார்கள். உடல்நலம் காரணம் என்றால் சரி, படிப்பு என்றால் சரி, நடிப்பு என்றால் சரி. திருமணமும் தாய்மையும் காரணமானபோது மட்டும் 'துரோகம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? சன்யேவின் பத்து ஆண்டுகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும்.

பதில் பாதி தொழிலின் அமைப்பில் இருக்கிறது. ஐடல் விற்பது பாட்டை மட்டுமல்ல. 'நான் யாருக்கும் உரியவள் அல்லள்' என்ற ஒரு தோற்றத்தையும் சேர்த்தே விற்கிறார். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் நிறுவனங்கள் முதலீடு செய்கின்றன. ஒரு காலத்தில் ஒப்பந்தங்கள் 13 ஆண்டுவரை நீண்டன. டிவிஎக்ஸ்க்யூ குழுவின் மூவர் 2009-இல் தங்கள் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்த அதே ஆண்டில், கொரிய நியாய வணிக ஆணையம் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டு, ஏழு ஆண்டை எல்லையாக வைத்தது. நல்ல காரியம்தான். இருந்தாலும் பன்னிரண்டு வயதில் பயிற்சி, பதினேழில் மேடை, அதன் மேல் ஏழு ஆண்டு என்று கூட்டிப் பாருங்கள். இருபத்து நான்கு வயதுவரை ஒரு பெண்ணின் சொந்த வாழ்க்கை அடகில் இருக்கிறது. சன்யே மணந்தது இருபத்து மூன்றில்.

மீதிப் பாதி, அந்நாட்டுச் சமுதாயத்தில் இருக்கிறது. 'கியோங்தான்யோ' என்று ஒரு கொரியச் சொல் உண்டு. திருமணம், பிள்ளைப்பேறு காரணமாகத் தொழில் அறுந்துபோன பெண் என்று பொருள். அதற்கென்றே 2008-இல் ஒரு சட்டம் இயற்றி, அத்தகைய பெண்களுக்கு மறுபயிற்சி தர நாடெங்கும் மையங்கள் திறக்க வேண்டிய அளவுக்கு அது அங்கே பரவலான நிலை. கொரியப் பெண்களின் வேலைவாய்ப்பை வயது வாரியாக வரைபடமாக வரைந்தால் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் முதுகு போல இருக்கும். முதல் திமில் இருபதுகளில், பள்ளம் முப்பதுகளில், அடுத்த திமில் நாற்பதுகளில். 2022-இல் அங்கே ஒரு பெண் சராசரியாகப் பெற்ற குழந்தைகள் 0.78. பிள்ளை பெறுங்கள் என்று அரசாங்கம் மன்றாடிக்கொண்டிருக்கும் அதே நாட்டில், மூன்று பிள்ளை பெற்ற பாடகியைப் பொறுப்பற்றவர் என்றார்கள். 2018-இல் அவர் ஒரு புதிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து திரும்பி வர முனைந்தபோது, மூன்றாவது குழந்தையை எதிர்பார்க்கும் செய்தி வெளிவந்தது. அதற்கும் ஏச்சு. பாட்டை விட்டுப் போனால் குற்றம், பாட வந்தாலும் குற்றம், இடையில் கருவுற்றாலும் குற்றம்!

எல்லா நாட்டிலும் இப்படித்தானா என்றால் இல்லை. பிரிட்டனின் ஸ்பைஸ் கேர்ள்ஸ் குழுவில் மெல் பி, விக்டோரியா இருவரும் 1998 இசைப்பயணத்தின்போதே கருவுற்றிருந்தார்கள், 1999-இன் தொடக்கத்தில் இருவரும் தாயானார்கள், குழு தொடர்ந்தது. பக்கத்து ஜப்பானில் அமுரோ நமியே என்ற பாடகி, 'சூப்பர் மங்கீஸ்' என்ற மகளிர் குழுவில் தொடங்கித் தனிப் பாடகியாக உச்சத்துக்கு வந்தவர், 1997-இல் இருபது வயதில் மணம் முடித்தார். ஓராண்டு ஓய்வெடுத்து மகனைப் பெற்று, 1998 டிசம்பர் 31 இரவு என்எச்கே தொலைக்காட்சியின் புத்தாண்டு இசை நிகழ்ச்சியில் கண்ணீரோடு திரும்பிப் பாடினார். அங்கே வரவேற்புக் கிடைத்தது; பழைய அளவு விற்பனை நிலைக்கவில்லை. இசையின் பாணியையே மாற்றிக்கொண்டு, 2008-இல் 'பெஸ்ட் ஃபிக்‌ஷன்' என்ற தொகுப்பு பத்து லட்சத்துக்கு மேல் விற்கும்வரை பத்து ஆண்டுகள் பொறுத்திருந்தார். ரசிகர்கள் மன்னிக்கும் ஊரிலும் சந்தை அவ்வளவு எளிதில் மன்னிப்பதில்லை என்பதற்கு அமுரோ ஒரு சாட்சி.

மீண்டும் சன்யேவிடம் வருவோம். அவர் விலகியிருந்த காலத்தில் வொண்டர் கேர்ள்ஸ், இசைக்கருவிகளை ஏந்திய நால்வர் குழுவாக உருமாறி, 2016-இல் 'வை சோ லோன்லி' பாடலால் மறுபடி முதலிடம் பெற்று, 2017 தொடக்கத்தில் கலைந்தும் போயிற்று. திரும்பிப் போக வீடு இல்லை. இனிப் பாடினால் தனித்துத்தான் பாட வேண்டும்.

குழுவில் பாடுவதும் தனித்துப் பாடுவதும் ஒன்று போலத் தோன்றலாம். ஐவர் பாடும் மூன்றரை நிமிடப் பாட்டில் ஒருவர் பங்கு சில வரிகள்தாம். ஒருவர் பாடும்போது மற்றவர் ஆடலாம், மூச்சு வாங்கலாம், ஒரு சுரம் பிசகினால் இன்னொரு குரல் மூடி மறைக்கும். தனியாக நின்றால் அத்தனை வரிக்கும் ஒரே மூச்சுதான். மகப்பேறு கண்ட உடலில் அந்த மூச்சு பழையபடி நிற்பதில்லை. பாடகிக்கு ஆதாரமான அடிவயிற்றுத் தசைகள் ஒவ்வொரு கருவிலும் நெகிழ்ந்து விரிகின்றன. அவற்றைப் பயிற்சியால் மறுபடி இறுக்கினால்தான் நீண்ட சுரத்தைத் தாங்க முடியும். ஆடிக்கொண்டே பாடுவது அதைவிடக் கடினம். மூன்று பிள்ளைகளைப் பெற்றவர், பத்தாண்டு இடைவெளிக்குப் பின் முப்பத்து இரண்டு வயதில் இதைச் செய்ய வேண்டும்.

'அம்மா ஓர் ஐடல்' நிகழ்ச்சியில் ஒரு நல்ல அம்சம், சலுகை காட்டாதது. வந்த பாடகிகளின் இப்போதைய திறமை எவ்வளவு என்று முதலிலேயே ஆடவும் பாடவும் வைத்துச் சோதித்தார்கள். 'ஆஃப்டர் ஸ்கூல்' குழுவின் முன்னாள் தலைவி காஹி, 'ஜுவல்ரி' குழுவின் பார்க் ஜங்-ஆ, தனிப் பாடகி பியோல் என்று தம் காலத்தில் பெயர் பெற்றவர்கள் அந்தச் சோதனையில் வியர்த்தார்கள். சன்யே பாடியபோது, குரல் அப்படியே இருக்கிறது என்று கொரிய நாளேடுகள் எழுதின. அப்படியே இருந்தது என்பதைவிட, அடியில் சற்றுக் கனம் கூடியிருந்தது என்பதே பொருத்தம். 'டெல் மி' பாடிய சிறுமியின் குரலில் அந்தக் கனம் இல்லை.

அவரைக் குறை சொன்னவர்கள் அப்போது வேறு ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள். தாய் கொரியாவில் இருந்தால் மூன்று பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? நம் வீடுகளிலும் கேட்டுப் பழகிய கேள்விதான். மருமகள் வெளியூர் வேலைக்குப் போனால் 'பிள்ளைங்கள என்னம்மா பண்ணப் போற?' என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டு அக்காள் வரை கேட்பார்கள். மகன் வெளிநாடு போகும்போது அவனிடம் அதைக் கேட்டவர்கள் உண்டா? சன்யே வீட்டில் விடை எளிமையாக இருந்தது. தந்தை பார்த்துக்கொண்டார்.

2022 ஜூலை 26-இல் அவருடைய முதல் தனித் தொகுப்பு வெளிவந்தது. பெயர் 'ஜென்யூன்'. ஐந்து பாடல்கள், தலைப்புப் பாடல் 'ஜஸ்ட் எ டான்ஸர்'. முதல் மேடை ஏறிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு முதல் தனித் தொகுப்பு! அது 'நோபடி' போல நாட்டைக் கலக்கவில்லை. கலக்க வேண்டும் என்ற அவசரமும் அதில் தெரியவில்லை. பள்ளிச் சீருடை போன்ற உடையில் குழந்தை முகத்தோடு ஆடிய பழைய சன்யேவை மறுபடி உடுத்திக்கொண்டு வர அவர் முயலவில்லை. அந்தத் தொகுப்பில் பாராட்ட வேண்டிய முதல் விஷயம் அதுதான். இழந்த வயதைத் திரும்பப் பிடிக்க ஓடிய பாடகிகள் பலர் மேற்கிலும் கிழக்கிலும் உண்டு. அவர்களுடைய பாட்டைக் கேட்கும்போது நமக்கே மூச்சு வாங்கும்.

அவருடைய வழக்குக்கு ஒரு தீர்ப்பு வந்ததா? வந்ததாகச் சொல்ல முடியாது. ஏசியவர்களில் சிலர் 'அம்மா ஓர் ஐடல்' பார்த்துவிட்டுத் தாங்கள் கடுமையாகப் பேசிவிட்டதாக எழுதினார்கள். வேறு சிலர் மாறவே இல்லை. ஆனால் சந்தை மெல்ல வேறு பக்கம் திரும்புவதற்கு ஓர் அறிகுறி உண்டு. சன்யேவைப் பன்னிரண்டு வயதில் தேர்ந்தெடுத்த அதே பார்க் ஜின்-யோங், 2023-இல் கேபிஎஸ் தொலைக்காட்சிக்காக ஒரு புதிய மகளிர் குழுவை உருவாக்கினார். பெயர் 'கோல்டன் கேர்ள்ஸ்'. நான்கு பேரும் பல்லாண்டு அனுபவமுள்ள பாடகிகள். மூத்தவர் இன் சூன்-ஈ, 1957-இல் பிறந்தவர். 1978-இல் 'ஹீ சிஸ்டர்ஸ்' என்ற மகளிர் குழுவில் தொடங்கி, பின் தனிப் பாடகியாகி, ஒரு மகளையும் வளர்த்தவர். 2023 டிசம்பரில் அறுபத்து ஆறாம் வயதில் அவர் அறிமுகப் பாடலுடன் மேடையேறினார், புதுமுகப் பெண் குழுவின் உறுப்பினராக.